எண்ணெய் கசியாத ஓட்டை

ஜூன் 14 நள்ளிரவோடு கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் கரையோடு கட்டிக் கிடந்த விசைப்படகுகள் கடலுக்குக் கிளம்பும். பெயின்ட் அடித்தாயிற்று, வலை தைத்தாயிற்று, ஐஸ் ஏற்றியாயிற்று. துறைமுகத்துக்குள் எஞ்சினும் ஒழுங்காகத்தான் ஓடியது. வெளிக்கடலுக்குப் போய் அலை தட்ட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் சில படகுகளில் எஞ்சினின் வேகம் இறங்கும், தானாக ஏறும், மறுபடி இறங்கும். கடைசியில் நின்றுவிடும்.

"பம்ப் போயிருச்சு அண்ணே."

"பம்ப் எங்கயும் போகாது தம்பி. மொதல்ல டேங்க் மூடியைத் திற."

இரண்டாவது ஆள் சொல்வதில்தான் விஷயம் இருக்கிறது. எரிபொருள் வரத்துக் கோளாறில் முதலில் பழி விழுவது பம்பின் மேல். அதைக் கழற்றுகிறார்கள், கடைக்கு அனுப்புகிறார்கள், நாளும் பணமும் போன பிறகு அதே கோளாறு அப்படியே திரும்பி வருகிறது. விலை அதிகமான பாகத்தைச் சந்தேகிப்பது மனித சுபாவம். ஆனால் எண்ணெய் டேங்கிலிருந்து கிளம்பி எஞ்சினுக்குள் எரியும் வரையான பாதையில் கெட்டுப்போக வாய்ப்பு அதிகமுள்ளவை விலை குறைந்தவைதான்: ஒரு செம்பு வாஷர், ஒரு ஹோஸ் கிளிப், டேங்க் மூடியின் ரப்பர் வளையம், மூச்சுக்குழாயின் வாயில் கூடு கட்டிய குளவி. இவை ஏன் இவ்வளவு பெரிய எஞ்சினை நிறுத்துகின்றன என்பது கொஞ்சம் இயற்பியல்.

அதற்கு முன், எஞ்சின் எப்படி நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி அறுந்தால் சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று நிற்கும். எண்ணெய் வரத்துக் குறைந்தால் அப்படி நிற்பதில்லை. தவித்து, ஏறி இறங்கி, பிறகுதான் அடங்கும். டீசல் எஞ்சினில் புகைபோக்கியையும் பார்க்கலாம். ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது புகையே வரவில்லை என்றால் எண்ணெய் சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை. வெள்ளைப் புகை வந்தால் எண்ணெய் சேருகிறது, எரியவில்லை, கோளாறு வேறு. வேகம் குறைந்து கரும்புகை கக்கினால் எண்ணெயைத் தேடவே வேண்டாம். காற்று போதவில்லை, அல்லது எஞ்சின் சுமை தாங்காமல் திணறுகிறது. புரொப்பெல்லரில் வலைத்துண்டோ கயிறோ சுற்றியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. எண்ணெய்க் கோளாறு என்று நினைத்து ஃபில்டரை மாற்றிக்கொண்டிருக்கும்போது பின்னால் கயிறு சுற்றிக் கிடந்த கதைகள் எல்லாத் துறைமுகத்திலும் உண்டு.

இனி இயற்பியலுக்கு வருவோம். பம்ப் எண்ணெயை இழுக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் எந்தப் பம்பாலும் திரவத்தை இழுக்க முடியாது. தன்னுள் அழுத்தத்தைக் குறைத்துக் கொள்ள மட்டுமே அதனால் முடியும். டேங்கில் இருக்கும் எண்ணெயின் தலைமேல் அமர்ந்திருக்கும் காற்றுதான் எண்ணெயைத் தள்ளி அனுப்புகிறது. 1638-இல் வெளியான நூலில் கலிலியோ ஒரு புதிரைக் குறிப்பிட்டார்: உறிஞ்சும் பம்ப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கிணற்றுத் தண்ணீரை ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் ஏற்ற மறுக்கிறது. அவரிடம் கடைசிக் காலத்தில் உதவியாளராக இருந்த டாரிசெல்லி 1644 வாக்கில் விடை சொன்னார். காற்றுக்கு எடை இருக்கிறது, அந்த எடைக்கு 10 மீட்டர் தண்ணீரைத் தூக்கும் அளவுக்குத்தான் வலு.

டீசல் தண்ணீரைவிட லேசு. அதனால் கணக்குப்படி காற்று அதை 12 மீட்டர் வரை தள்ளலாம். படகில் அது கனவு. டேங்கிலிருந்து எண்ணெயைக் கொண்டுவர எஞ்சினோடு வரும் ஃபீட் பம்பால் முழு வெற்றிடத்தை உண்டாக்க முடியாது. கிடைக்கிற கொஞ்ச அழுத்த வித்தியாசத்தில் பாதியை வழியில் இருக்கும் வால்வு, முழங்கை வளைவு, ஃபில்டர், ஒடுங்கிய குழாய் ஆகியவை தின்றுவிடும். நடைமுறையில் ஓரிரு மீட்டர் அளவுக்கு மேல் அந்தக் கணக்கில் கையிருப்பு இல்லை. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது எண்ணெய் மெதுவாகப் போகிறது, தடையும் குறைவு. முழு வேகத்தில் ஓட்டம் கூடக் கூட ஒவ்வொரு வளைவிலும் இழப்பு கூடுகிறது. துறைமுகத்துக்குள் நன்றாக ஓடிய எஞ்சின் வெளியே போய் வேகம் கொடுத்ததும் மூச்சு வாங்குவதற்கு இது ஒரு காரணம். சும்மா ஓடும்போது சரி, சுமை ஏற்றினால் தவறு என்றால் ஏதோ ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

தள்ளுவது காற்று என்றால் டேங்குக்குள் காற்று வந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் மூச்சுக்குழாய். அது அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 200 லிட்டர் இரும்பு டேங்கில் 180 லிட்டர் டீசல் நிரப்பியிருக்கிறோம். மேலே 20 லிட்டர் காற்று. எஞ்சின் 2 லிட்டர் குடித்ததும் அதே காற்று 22 லிட்டர் இடத்தில் விரிகிறது. அழுத்தம் ஏறத்தாழ 9 சதவீதம் விழுகிறது. இது டீசலை ஒரு மீட்டருக்கும் சற்று அதிகமான உயரம் கூடுதலாகத் தூக்குவதற்குச் சமம். கையிருப்பே ஓரிரு மீட்டர்தான் என்னும்போது இந்த ஒரு மீட்டர் பெரிய நஷ்டம். மணிக்கு 15 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு 2 லிட்டர் என்பது எட்டு நிமிடம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. டேங்க் பாதி காலியாக, 100 லிட்டர் காற்றோடு இருந்தால் அதே 2 லிட்டருக்கு அழுத்தம் 2 சதவீதம்தான் விழும். ஆக மூச்சுக்குழாய் அடைத்த படகு, டேங்க் நிறைய எண்ணெய் இருக்கும்போது சீக்கிரம் நிற்கும்; குறைவாக இருக்கும்போது நெடுநேரம் ஓடும். "ஃபுல் டேங்க் அடிச்ச அன்னிக்குத்தான் மக்கர் பண்ணுது" என்று யாராவது சொன்னால் அது புலம்பல் இல்லை, துப்பு. நின்ற எஞ்சின் கால் மணி நேரம் கழித்துத் தானாகக் கிளம்பி, சொல்லிவைத்த மாதிரி அதே நேரம் ஓடி மறுபடி நின்றாலும் சந்தேகம் அதே குழாயின் மேல்தான். சோதனைக்கு ஸ்பேனர்கூட வேண்டாம். டேங்க் மூடியைத் தளர்த்த வேண்டும். உஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, எஞ்சினும் தெளிந்தால் விடை கிடைத்தது.

அடைப்பைவிட ஆளை அதிகம் ஏய்ப்பது காற்றுக் கசிவு. எண்ணெய்ப் பாதையை ஃபீட் பம்பை நடுவில் வைத்து இரண்டாகப் பிரித்துக் கொள்ளலாம். பம்புக்குப் பிறகு உள்ள பகுதியில் அழுத்தம் வெளிக்காற்றைவிட அதிகம். அங்கே இணைப்பு தளர்ந்தால் எண்ணெய் வெளியே வரும். கையில் படும், நாற்றம் அடிக்கும், படகின் அடியில் தேங்கும் தண்ணீரில் மிதக்கும். பம்புக்கு முன்னால், டேங்க் வரையான பகுதியில் எஞ்சின் ஓடும்போது அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஓட்டை விழுந்தால் எண்ணெய் வெளியே வராது, காற்று உள்ளே போகும். துடைத்துப் பார்த்தால் காய்ந்து சுத்தமாக இருக்கும். எங்கேயும் லீக் இல்லை என்று சத்தியம் செய்யலாம். அந்த ஓட்டை ஒரு சொட்டும் கசியாமல் எஞ்சினை நிறுத்திக்கொண்டிருக்கும்.

எஞ்சினைவிடத் தாழ்வான இடத்தில் டேங்க் உள்ள படகுகளில் இது காலையில் முகம் காட்டும். இரவெல்லாம் அந்த ஓட்டை வழியே காற்று நுழைந்து, குழாயில் நின்ற டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட்டர் சுற்றிச் சுற்றி பேட்டரி இறங்கும். ஒருவழியாகப் பிடித்துவிட்டால் அன்று முழுக்க ஓடும். மறுநாள் காலை மறுபடி அதே கதை. பேட்டரியை மாற்றுவார்கள், ஸ்டார்ட்டரை மாற்றுவார்கள். குற்றவாளி ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகுழாய்த் திருகாகவோ, முன்பு கழற்றி மாட்டியபோது பழையதையே போட்டுவிட்ட செம்பு வாஷராகவோ இருக்கும். செம்பு வாஷர் ஒரு முறை இறுக்கியதும் நசுங்கி அந்த இடத்துக்கான வடிவம் எடுத்துவிடுகிறது. அதையே மறுபடி போட்டால் பிடிப்பு உறுதியில்லை. தணலில் பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டால் செம்பு மீண்டும் இளகும் என்பது உண்மைதான். ஆனால் புது வாஷர் விலைக்கு அந்த வேலை தேவையா?

டீசல் எஞ்சின் ஏன் ஒரு குமிழிக்கு இப்படிப் பயப்படுகிறது? பெட்ரோல் எஞ்சினின் கார்புரேட்டரில் ஒரு குமிழி வந்தால் மிதவை அறையில் மேலே வந்து வெடித்துப் போய்விடும். டீசலில் அது முடியாது. 1897-இல் ரூடால்ஃப் டீசல் ஆக்ஸ்பர்கில் ஓட்டிக்காட்டிய எஞ்சினில் எண்ணெயைச் சிலிண்டருக்குள் ஊதித் தள்ள அழுத்தக் காற்று தேவைப்பட்டது; அதற்கென்று தனி கம்ப்ரஸர். கம்ப்ரஸரின் எடையும் தொல்லையும் இல்லாத சின்ன எஞ்சின்கள் பரவ வழி செய்தது, 1927-இல் பாஷ் நிறுவனம் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த இன்ஜெக்ஷன் பம்ப். அதன் இதயம் ஒரு எஃகுக் குழலும் அதற்குள் ஏறி இறங்கும் ஓர் எஃகுத் தண்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான்.

ஃபைபர் படகில் வரும் 10 குதிரைத்திறன் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். முழுச் சுமையில் மணிக்கு இரண்டேகால் லிட்டர் குடிக்கும் என்று வைத்தால், நிமிடத்துக்கு 2000 சுற்றில், நான்கு ஸ்ட்ரோக் கணக்குப்படி நிமிடத்துக்கு 1000 முறை பீய்ச்ச வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஒரு பீய்ச்சலுக்கு ஏறத்தாழ 37 கன மில்லிமீட்டர். ஒரு சொட்டுத் தண்ணீரே ஏறத்தாழ 50 கன மில்லிமீட்டர் இருக்கும். ஒரு சொட்டுக்கும் குறைவான டீசலை, சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசில் திறப்பதற்குத் தேவையான 200 பார் அளவு அழுத்தத்துக்கு அந்தத் தண்டு கொண்டுபோக வேண்டும். டீசல் அந்த அழுத்தத்தில் ஒன்றரை சதவீதம்கூடச் சுருங்காது. அதனால் தண்டு தள்ளியது அப்படியே நாசில் வரை போய்த் திறக்கிறது. காற்று அப்படியா? 200 பாரில் அது இருநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். குழலுக்குள் 40 கன மில்லிமீட்டர் காற்றுக் குமிழி ஒன்று மாட்டிக்கொண்டால், தண்டு ஏறும்போதெல்லாம் அது ஸ்பிரிங் போல அமுங்கும், இறங்கும்போது விரியும். நாசில் திறப்பதே இல்லை. பம்ப் பழுதில்லாமல் வேலை செய்கிறது, சிலிண்டருக்கு ஒன்றும் போகவில்லை. எள்ளளவு காற்றுக்குக் குதிரைகள் பத்தும் படுத்துவிட்டன.

இதனால்தான் டீசல் டேங்க் ஒரு முறை வற்றினாலோ ஃபில்டரை மாற்றினாலோ "ஏர் எடுக்க" வேண்டியிருக்கிறது. ஃபில்டரின் தலையில் உள்ள திருகைக் கொஞ்சம் தளர்த்தி, ஃபீட் பம்பிலுள்ள கைப்பம்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரையாக வரும், பிறகு குமிழிகள், பிறகு தெளிந்த டீசல். தெளிந்து வரும்போதே, அடிப்பதை நிறுத்தாமல் திருகை இறுக்க வேண்டும். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பின் திருகில் இதே வேலை. கடைசியில் நாசிலுக்குப் போகும் குழாய் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி எஞ்சினைச் சுற்றவிட்டால் டீசல் துடித்துத் துடித்து வரும். டேங்க் பக்கத்திலிருந்து நாசில் பக்கம், இந்த வரிசை மாறக் கூடாது. முன்னால் இருக்கும் காற்றை விட்டுவிட்டுப் பின்னால் எடுத்தால் அது மறுபடி வந்து சேரும். இப்போது வரும் எஞ்சின்கள் பலவற்றில் தானாக ஏர் எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. நம் படகுகளில் ஓடும் பழைய எஞ்சின்களுக்கு அந்த வசதி இல்லை.

ஏர் எடுத்த பிறகு ஓடி, அரை மணி நேரத்தில் மறுபடி காற்று பிடித்தால், காற்று இன்னும் எங்கிருந்தோ வருகிறது. அதைத் தேட, செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவாகப் பேசும் சோதனை வேறில்லை. ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் போதுமான சுத்தமான டீசல் உள்ள கேன் ஒன்றை ஃபீட் பம்பைவிடத் தாழ்வான இடத்தில் கட்டி, புது ஹோஸ் வழியே நேராக ஃபீட் பம்புக்குக் கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். திரும்பி வரும் எண்ணெய்க்கான குழாயையும் அதே கேனில் விட வேண்டும். எஞ்சின் சுமையோடு ஒரு மணி நேரம் கோளாறில்லாமல் ஓடினால் ஃபீட் பம்ப், இன்ஜெக்ஷன் பம்ப், நாசில் மூன்றும் நிரபராதிகள். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில்தான் தேட வேண்டும். பிறகு கேனின் ஹோஸை ஓர் இணைப்பு முன்னால் நகர்த்தி, ஃபில்டருக்கு முன் கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம். எந்த இணைப்பைச் சேர்த்ததும் கோளாறு திரும்புகிறதோ அதுதான் இடம். கேனில் ஓடும்போதும் நின்றால் மட்டுமே பம்பைக் கழற்றுவதற்கு நியாயம் உண்டு.

இன்னொரு கருவி வெற்றிட அளவி. லட்சக்கணக்கில் செலவழித்து மீன் தேடும் சோனார் வைத்திருக்கும் படகுகளில் இது இல்லாதது எனக்கு ஆச்சரியம்தான். ஃபில்டருக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே ஒரு கிளை போட்டு மாட்டினால் போதும். ஃபில்டர் புதிதாக இருக்கும்போது முழு வேகத்தில் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். நாளாக ஆக முள் ஏறினால் ஃபில்டர் அடைக்கிறது. எஞ்சின் தவிக்கிறது, ஆனால் முள் வழக்கத்தைவிடக் கீழே கிடக்கிறது என்றால் அடைப்பு இல்லை, காற்று நுழைகிறது. வெளியே ஒரே அறிகுறி காட்டும் இரண்டு நோய்களுக்கு முள் எதிரெதிர்த் திசையில் போகிறது. கூடவே ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற ஹோஸைச் சோதனைக்காக மாட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். ஒரு எச்சரிக்கை: டீசலில் இயல்பாகவே பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் காற்று கரைந்திருக்கிறது. அடைப்பால் வெற்றிடம் கூடினால் அந்தக் காற்று பிரிந்து குமிழியாக வரும். குமிழி தெரிகிறது, முள்ளும் உயரத்தில் நிற்கிறது என்றால் கிளிப்பை இறுக்கிப் பயனில்லை. அடைப்பை எடுக்க வேண்டும்.

அடைப்பது எது? தடைக்காலம் முடிந்த முதல் பயணத்தில் எஞ்சின் நிற்பதற்கு விடை பெரும்பாலும் டேங்கின் அடியில் இருக்கிறது. 61 நாளில் அங்கே தண்ணீர் தேங்கியிருக்கும். டீசலின் அடர்த்தி 0.82 முதல் 0.86 வரை, கடல்நீர் 1.025. தண்ணீர் எப்போதும் அடிக்குப் போகும். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், காலி டேங்கில் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் வியர்த்து இறங்குகிறது என்பார்கள். புத்தகங்களிலும் அப்படித்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் அந்தப் பழி முழுக்க நிற்கவில்லை. டேங்கில் 500 லிட்டர் காற்று இருக்கிறது என்று வைப்போம். பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால் காற்று 3 சதவீதம் சுருங்கும். 15 லிட்டர் புதுக் காற்று உள்ளே வரும். 30 டிகிரியில் ஈரம் நிறைந்த கடற்காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் நீராவி. 15 லிட்டரில் அது அரை கிராம்கூட இல்லை. அத்தனையும் தண்ணீராகி அடியில் தங்கியது என்றே வைத்தாலும் 60 நாளில் 27 கிராம். இரண்டு மேசைக்கரண்டிகூட நிறையாது.

ஃபில்டர் கிண்ணத்தில் லிட்டர் கணக்கில் தண்ணீர் வந்தால் அது வியர்வை இல்லை. மேல்தளத்தில் இருக்கும் டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெயிலில் வெடித்திருக்கும். தளத்தைக் கழுவும்போதும் அலை ஏறும்போதும் அந்த வழியே இறங்குகிறது. அல்லது மூச்சுக்குழாயின் வாய் அலை தெறிக்கும் பக்கம் பார்த்திருக்கும். அல்லது கேனிலேயே வந்திருக்கும். தடைக்காலத்தில் டேங்கை நிரப்பி வைக்கச் சொல்லும் அறிவுரை தவறில்லை. ஆனால் இரண்டு மாதத்துக்குப் பெரும் பணத்தை டீசலாக முடக்குவதற்கு முன் ரப்பர் வளையத்தை மாற்றுவதுதான் முறை.

இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரை அலட்சியம் செய்துவிடவும் முடியாது, ஏனென்றால் சில உயிர்களுக்கு அது போதும். ஹார்மோகோனிஸ் ரெசினே என்று ஒரு பூஞ்சை. டீசலிலும் மண்ணெண்ணெயிலும் உள்ள கார்பன் சங்கிலிகள்தான் அதன் உணவு. ஜெட் விமானங்கள் வந்த புதிதில் இறக்கைகளுக்குள் உள்ள எரிபொருள் டேங்குகளில் வளர்ந்து அலுமினியத்தையே அரித்துப் பொறியாளர்களைத் திண்டாட வைத்தது இதுதான். சாப்பாடு எண்ணெயில், ஆனால் உயிர் வாழத் தண்ணீர் வேண்டும். அதனால் இரண்டும் சந்திக்கும் எல்லையில், வழுவழுப்பான ஆடையாகப் படர்கிறது. கூடவே பாக்டீரியாக்களும் குடியேறும். அவற்றில் கந்தகச் சேர்மங்களைச் சிதைக்கும் வகை, இரும்பு டேங்கின் அடியைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். வெப்பமும் அசையாத எண்ணெயும் இவற்றுக்குச் சொர்க்கம். ஏப்ரல், மே மாதத்து வெயிலில் கட்டிப்போட்ட படகைவிட வசதியான இடம் கிடைக்காது.

துறைமுகத்துக்குள் ஆட்டம் இல்லாதவரை இந்த ஆடை அடியிலேயே கிடக்கும். அதனால்தான் சோதனை ஓட்டத்தில் எல்லாம் சரியாக இருந்தது. வெளிக்கடலின் முதல் அலையில் டேங்க் குலுங்கி, இரண்டு மாத வண்டல் மொத்தமும் ஒரே நேரத்தில் ஃபில்டருக்குக் கிளம்புகிறது. 10 மைக்ரான் ஃபில்டர் சில நிமிடங்களில் மூடிக்கொள்ளும். புது ஃபில்டர் போட்டால் அதுவும் போகும். இந்த நேரத்தில் ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு நேர்க்குழாய் போட்டு ஓட்டுவது பெரும்பாவம். தண்டுக்கும் குழலுக்கும் நடுவே இரண்டு மூன்று மைக்ரான் இடைவெளிதான் என்று பார்த்தோம். அதற்கு வழுவழுப்புத் தருவதே டீசல்தான். தண்ணீர் புகுந்தால் எஃகு எஃகோடு உரசும், நின்றால் துருப்பிடிக்கும், நாசில் முனையில் கொதித்து ஆவியாக வெடித்து முனையைச் சேதப்படுத்தும். நிரபராதியாக இருந்த பம்ப் இப்போது உண்மையாகவே போய்விடும்.

கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறிவதற்கு முன் அறுத்துப் பார்க்க வேண்டும். கறுத்து, தொட்டால் இழுபட்டு, அழுகல் வாடை வந்தால் பூஞ்சை. செம்பழுப்புத் தூள் என்றால் டேங்கின் துரு. சாம்பல் நிறத்தில் மோர் கலங்கின மாதிரி இருந்தால் டீசலும் தண்ணீரும் கலந்த கலவை. யாரோ தண்ணீர் இருக்கும் டேங்கில் அவசரமாக நிரப்பி உடனே ஓட்டியிருக்கிறார்கள். பூஞ்சைக்கு மருந்து கிடைக்கிறது. ஊற்றினால் சாகும். ஆனால் செத்த பூஞ்சையும் ஃபில்டரைத்தான் அடைக்கும். ஆள் இறங்கியோ கை விட்டோ டேங்கைச் சுரண்டிக் கழுவாமல் வேலை முடியாது. தினமும் காலையில், படகு ஆடத் தொடங்கும் முன், டேங்கின் அடித்திருகைத் திறந்து அரை பாட்டில் பிடித்துப் பத்து நிமிடம் வைத்துப் பார்ப்பவருக்கு இந்தத் தொல்லை அநேகமாக வராது.

வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டாருக்குக் கொஞ்சம் வேறு கதை. குமரி மாவட்டத்திலும் மன்னார் வளைகுடாவிலும் இலங்கையின் வடக்குக் கரையிலும் மண்ணெண்ணெயில் ஓடுபவை உண்டு. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் சரியாக ஆவியாகாது. பெட்ரோலில் கிளப்பி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். கரைக்கு வரும்போது நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்ற வேண்டும், கார்புரேட்டரில் அடுத்த நாளுக்குப் பெட்ரோல் தங்குவதற்காக. இதை மறந்தவர் மறுநாள் காலை கயிறு இழுத்துத் தோளை நோகடித்துக்கொண்டு எண்ணெய் வரவில்லை என்பார். எண்ணெய் வந்திருக்கிறது, எரியாத எண்ணெய். இலங்கையில் 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ஆனது. அந்த மாதிரிக் காலங்களில் எண்ணெயைக் கிடைக்கிற இடத்தில் கிடைக்கிற அளவில் வாங்கிச் சேர்க்க வேண்டியிருக்கும். கேன் மாறும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தூசியும் தண்ணீரும் கூடவே வரும். டேங்கின் அடிமட்டம் வரை வழித்து ஓட்டும்போது அதுதான் முதலில் உறிஞ்சப்படும்.

அவுட்போர்டில் கண்டுபிடிக்கும் கருவி கையிலேயே இருக்கிறது: ஹோஸின் நடுவில் உள்ள ரப்பர் பல்ப். அமுக்க அமுக்க அது இறுக வேண்டும். இறுகவே இல்லை என்றால் டேங்க் பக்கத்தில் காற்று நுழைகிறது, அல்லது பல்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு போய்விட்டது. எஞ்சின் ஓடும்போது பல்ப் சப்பையாக ஒட்டிப்போனால் டேங்க் பக்கத்தில் அடைப்பு. மூச்சுத்துளையைத் திறக்க மறந்திருப்பார்கள். எஞ்சின் தவிக்கும்போது பல்பை அமுக்கினால் உயிர் வருகிறது என்றால் பம்பின் சவ்வு தளர்ந்திருக்கலாம், அல்லது பல்புக்கு முன்னால் காற்றுக் கசிவு இருக்கலாம். இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாரின் பம்ப், கிராங்க் அறையின் அழுத்தத் துடிப்பில் இயங்கும் ஒரு மெல்லிய சவ்வு. அது கிழிந்தால் எண்ணெய் நேராக கிராங்க் அறைக்குள் கசிந்து அந்த சிலிண்டரை மூழ்கடிக்கும். மெதுவாக ஓடும், வேகம் எடுக்காது என்றால் கார்புரேட்டரின் மெயின் ஜெட் அடைத்திருக்கிறது. வேகத்தில் ஓடும், மெதுவாக்கினால் நின்றுவிடும் என்றால் பைலட் ஜெட்.

பெட்ரோல் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இப்போது புதுக் கவலை எத்தனால். இந்தியாவில் 2025-இல் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு நாடு முழுவதும் வந்துவிட்டது. அவுட்போர்டு தயாரிப்பாளர்கள் பலரும் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றுதான் கையேட்டில் எழுதுகிறார்கள். எத்தனால் தண்ணீரை விரும்பி ஏற்கும். ஓர் அளவு வரை கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தனி அடுக்காக இறங்கும். இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாரில் பெட்ரோலோடு கலந்த ஆயில் மேலடுக்கிலேயே நின்றுவிடும். உறிஞ்சும் குழாய் இருப்பது அடியில். ஆயில் இல்லாத திரவத்தைக் குடித்து ஓடும் மோட்டார் நிற்பதோடு போகாது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எத்தனால் சில பழைய ஹோஸ்களின் உள்தோலையும் பிரித்துவிடும். வெளியே ஹோஸ் நன்றாக இருக்கும். உள்ளே பிரிந்த தோல் ஓட்டம் கூடும்போதெல்லாம் கதவு மாதிரி மூடிக்கொள்ளும். வயதான ஹோஸை ஆராய்ச்சி செய்ய வேண்டாம், மாற்றிவிடலாம். பெட்ரோல் லைனைத் திறப்பதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, காற்றோட்டம் வரவிட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் தங்கும்.

படகில் இரண்டு ஃபில்டர், ஒரு பிடி செம்பு வாஷர், நான்கைந்து கிளிப், இரண்டு மீட்டர் ஹோஸ், ஒரு கேன் இருந்தால் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானதைக் கடலிலேயே சரிசெய்துகொண்டு வரலாம். நாசில் குழாயைத் தளர்த்தி ஏர் எடுப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. எஞ்சின் சுற்றும்போது நட்டின் அருகேயோ நாசில் முனைக்கு முன்போ விரலை வைத்து எண்ணெய் வருகிறதா என்று பார்க்கக் கூடாது. அட்டைத் துண்டு ஒன்றைக் காட்டிப் பார்க்கலாம். 200 பாரில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் அவ்வளவாக இருக்காது. அப்படி நடந்தால் வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டாம். அன்றைக்கே, தாமதிக்காமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், டீசல் அழுத்தத்தில் தோலுக்குள் ஏறிவிட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள். உள்ளே பரவிய எண்ணெயை எடுக்காமல் விட்டால் விரலையே இழக்க நேரிடும்.